பொன்னாடைத் தட்டும் ஒரு கனத்த கோளும்

சுங்கை சிப்புட்டில், லோரிகள் திரும்பும் முனையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில்தான் எனக்கு அந்த அவமானம் நடந்தது. மேடையில் என் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் அவன் படம், பக்கத்தில் வளையம் போட்ட ஒரு கோள், மேலே கொட்டை எழுத்தில் ‘புதிய கோள் கண்ட நம் தோட்டத்துப் பிள்ளை’. அந்தக் கோளுக்கு வளையம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. பதாகை அடித்த கடைக்காரர் அழகுக்குப் போட்டுவிட்டார்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து ஆட்கள் நடத்தும் சங்கத்தின் தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

“அக்கா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? வந்து இந்தத் தட்ட கொஞ்சம் பிடிங்க லா.”

எங்கள் நிகழ்ச்சிகளில் இது ஒரு வழக்கம். யாருக்காவது பொன்னாடை போர்த்துவதென்றால் அந்தப் பொன்னாடையும் மாலையும் பழங்களும் ஒரு பித்தளைத் தட்டில் வரவேண்டும். தட்டை ஒரு பெண் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை அவள் நகரக்கூடாது. அவள் யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். படத்தில் அவள் கை மட்டும் விழும்.

ஏறிப் போய் நின்றேன். கொழுந்தன் மைக்கைப் பிடித்தான்.

“ஒத்தையாளா நின்னு கண்டுபிடிச்சேன்,” என்றான். கைதட்டல். “தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. கொசுக்கடியில நின்னேன்.” மறுபடியும் கைதட்டல்.

என் கையில் தேங்காயும் ஆரஞ்சும் வாழைச்சீப்பும் கனத்தன. அந்தக் கோள் கடக்கும்போது அதன் நட்சத்திரம் மங்கியதை அளந்தது நான். புள்ளி புள்ளியாகக் கோடு போட்டது நான். அவன் பேசிக்கொண்டே போனான். என் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் தலைவர் பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார், மாலையைப் போட்டார். கொழுந்தன் திரும்பி, “தேங்ஸ் அண்ணி” என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சொன்னான்.

சிலிபினில் என்னோடு பள்ளி வேன் ஓட்டுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். யாராவது மனத்தை நோகடித்துவிட்டால், “எழுதி வச்சுக்கிட்டேன், மையும் காயல” என்பாள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய கோளை நான் உடைப்பேன். அவனுடைய தொலைநோக்கியை வைத்தே உடைப்பேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவரும் அவர் தம்பியும் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் லோரி ஓட்டப் போனார். தம்பி ஏர்கோன் ரிப்பேர் கற்றுக்கொண்டு செமோரில் கடை போட்டான். கடை நன்றாக ஓடியது. வேலை ஓய்ந்த ஒரு நேரத்தில் பெரிய கண்ணாடி வைத்த தொலைநோக்கி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் நிறுத்தினான். சனிக்கோளைக் காட்டி அந்த வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரையும் வாய்பிளக்க வைத்தான். ஒரு மழைக்காலம் வந்து போனது. அதற்குப் பிறகு தார்ப்பாய் போர்த்தி, தண்ணீர்த்தொட்டிபோல் அது ஓரமாக நின்றது.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மத்தியானம் வரை எனக்கு வேலை கிடையாது. வேனை மரநிழலில் நிறுத்திவிட்டுப் போனில் ஏதாவது பார்ப்பேன். வானத்தைப் பற்றி அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். புரியாத ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தி, மலாயில் ஒருமுறை, மறுபடி ஆங்கிலத்தில் ஒருமுறை. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் எனக்குக் கண்ணாடி போட்டாலும் தூரம் சரியாகத் தெரியாது.

விஷயம் இவ்வளவுதான். கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது நட்சத்திரம் ஒரு துளி மங்கும். பெட்ரோல் நிலையத்துப் பெரிய விளக்குக்கு முன்னால் ஒரு பூச்சி பறந்தால் எவ்வளவு மங்குமோ, கிட்டத்தட்ட அந்த அளவுதான். வானத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் இப்படி மங்கும் நட்சத்திரங்களைத் தேடிக் குறித்துக்கொடுக்கிறது. ஆனால் அதன் பார்வை கொஞ்சம் தடித்தது. அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் அதற்கு ஒரே புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குள் மங்கியது எது என்று சொல்ல, பூமியில் தொலைநோக்கி வைத்திருக்கிறவர்கள் வேண்டும். உலகம் முழுக்க அப்படி ஆட்கள் சேர்ந்து ஒரு குழுவாக வேலை செய்கிறார்கள். படிப்பு கேட்பதில்லை. அளவு ஒழுங்காக இருந்தால் போதும்.

ஒரு நட்சத்திரம் மங்கவேண்டிய நேரத்தில் ஐரோப்பாவில் பட்டப்பகல், அமெரிக்காவில் விடியல். அந்த நேரத்துக்கு இருட்டு எங்களிடம்தான் இருந்தது. நான் கொழுந்தனிடம் கேட்டேன்.

“தம்பி, அந்தத் தார்ப்பாய கழட்டுவோமா?”

“கழட்டுங்க அண்ணி. தூசி தட்டுன மாதிரியும் ஆச்சு.”

படம் எடுத்த இரவில் அவன் செய்த ஒரே வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். நட்சத்திரத்தை ஊசிமுனையாகப் படம் பிடித்தால் கேமராவில் ஒரே இடத்தில் வெளிச்சம் குவிந்து வழிந்துவிடும். அளவு கெட்டுப்போகும். அதனால் குவியத்தைக் கொஞ்சம் கலைத்து எடுக்கவேண்டும். எங்களிடம் இருப்பது மாதிரியான தொலைநோக்கியில் அப்படிக் கலைத்தால் நட்சத்திரம் நடுவில் ஓட்டையோடு உப்பும். பார்க்க அப்படியே உளுந்து வடை. நான் அளவான வடைக்கு வைத்திருந்தேன். அவன் மேலே வந்தான், ஒரு பார்வை பார்த்தான், குமிழைப் பிடித்து ஒரு திருகு திருகினான். வடை இரண்டு மடங்கு ஆனது.

“தம்பி, பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கு. அது இந்த வடைக்குள்ள போயிரும்.”

“பெருசா இருந்தாதானே அண்ணி நல்லா தெரியும்? பக்கத்து வீட்டுக்காரன் கத நமக்கு எதுக்கு?”

தொலைநோக்கி அவனுடையது. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் வேனில் உட்கார்ந்து அளந்தேன். கோடு அழகாக இறங்கி, கொஞ்ச நேரம் கீழே ஓடி, மறுபடி ஏறியது. பார்த்தவுடன் ஹாரனை அழுத்திவிட்டேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குழுவில் கணக்கு அவன் பெயரில் இருந்ததால் அவன்தான் அனுப்பினான். நன்றி சொல்லி பதில் வந்தது. அதன் முதல் வரியை மட்டும் குடும்ப வாட்சாப்பில் போட்டான். அது சங்கத்துக்குப் போனது. அங்கிருந்து பதாகைக் கடைக்குப் போனது.

தட்டு ஏந்திய மறுவாரம் என் ஓரகத்தி வீட்டுக்கு வந்தாள். கொழுந்தனின் மனைவி. கடையின் போனும் மெயிலும் அவள் பொறுப்பு.

“அக்கா, அந்த மெயில முழுசா படிச்சீங்களா?”

“எனக்கு யாரு காட்டுனா?”

நீட்டினாள். முதல் வரியில் நன்றி. இரண்டாவது வரியிலிருந்து வேறு கதை. நட்சத்திரம் அளவுக்கு மேல் உப்பியிருப்பதால் பக்கத்து நட்சத்திரம் உள்ளே கலந்துவிட்டது, மங்கியது எது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்த வாய்ப்பில் குவியத்தைச் சுருக்கி மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

என் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது. மங்கியது அந்தச் சின்ன நட்சத்திரமாக இருந்தால்? அங்கே இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி மறைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வெளிச்சம் பெரியதோடு கலந்து, கோள்போல ஏமாற்றலாம். இப்படி ஏமாற்றுகிறவை ஏராளம். அப்படியானால் கோள் இல்லை. கோள் கண்ட நாயகனும் இல்லை. பதாகையைச் சுருட்டி, ஏர்கோன் தண்ணீர் ஒழுகும் இடத்தில் விரித்துக்கொள்ளலாம்.

“நீ ஏன்மா இத எங்கிட்ட காட்டுற?” என்று கேட்டேன்.

“ஒத்தையாளா நின்னேன்னு சொன்னாரே அக்கா. அன்னிக்குக் கொசுச்சுருள் வாங்கி, பத்த வச்சு, மாடி வர தூக்கிட்டு வந்தது யாரு? கொப்பி கலக்கிக் குடுத்தது யாரு? மேடைக்குக் கீழ உக்காந்து நானும்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ஒரு தடவ இறக்கி வைங்க அக்கா. புண்ணியமாப் போகும்.”

அந்தக் கோள் தன் நட்சத்திரத்தை ஒரு சுற்று வர சில நாட்கள் ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் நமக்கு இருட்டான நேரத்தில் கடக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் மங்கத் தொடங்கி, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் முடிந்துவிடும். கொழுந்தன் தன் கூட்டாளிகளோடு எல்லை தாண்டி ஹாட்யாய் போகிற விடுமுறையும் அதுதான். வருடா வருடம் போவான். மூன்று நாளைக்கு அவன் போன்கூட எடுக்கமாட்டான்.

“சாமியே வழி காட்டுது அக்கா,” என்றாள் ஓரகத்தி.

அந்த வாரம் முழுக்க மழை. அன்று மட்டும் மத்தியானத்தோடு ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மாடிக்குப் போனபோது சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. மழையில் கல்லுடைக்கிற இடத்துத் தூசியும் அடங்கியிருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்தார்கள். கீழ்க்கடையில் யாரோ மீன் பொரித்தார்கள்.

இந்த முறை சின்ன வடை. மிகச் சின்னது. இரண்டு நட்சத்திரங்களும் தனித்தனியாக விழுந்தன. பெரியது ஒன்று, அதன் தோளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. கேமரா நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தது. படம் விழ விழ, பக்கத்தில் அமைதியாக இருக்கும் மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, கணினி இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளிகள் வைத்துக்கொண்டே வந்தது. ஓரகத்தி கொசுச்சுருளைப் பத்தவைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“எது விழணும் அக்கா?”

“இந்தச் சின்னது இறங்கணும். இறங்கிட்டா உன் புருஷனோட கோள் காலி.”

“பெருசு இறங்குனா?”

“அவன் சொன்னது சரியாப் போயிரும்.”

“அப்ப நான் சின்னதுக்கு வேண்டிக்கிறேன்.” கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டும் நேராகப் போயின. குறித்த நேரம் நெருங்கியது. நான் சின்ன நட்சத்திரத்தின் புள்ளிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். இறங்கு, இறங்கு. அது ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. ஓரகத்தி என் தோளைத் தொட்டாள்.

“அக்கா. பெருச பாருங்க.”

பெரிய நட்சத்திரத்தின் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கிக்கொண்டிருந்தன. முதல் முறை நான் பார்த்த அதே சரிவு, அதே ஆழம்.

“அலாமா! நம்ம தப்பான சாமிகிட்ட வேண்டிக்கிட்டோம் போலக்கா.”

கோபத்தில் கண் எரிந்தது. கொசுச்சுருள் புகை என்று சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு இது சந்தோஷமான காட்சியாக இருந்திருக்கும். யாரும் போக முடியாத தூரத்தில் ஒரு பூதக்கோள் தன் சூரியனைக் கடந்துபோகிறது, அதைச் செமோரில் ஒரு ஏர்கோன் கடை மாடியிலிருந்து பார்க்கிறோம். எனக்கோ அவன் மேடையில் இன்னும் ஒரு அடி உயர்ந்துபோனதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “என்ன, உடைஞ்சுச்சா?” என்றார்.

“இல்ல. கெட்டியா இருக்கு.”

“எங்க குடும்பத்து ஆளுங்க பிடிச்சது அவ்வளவு லேசுல போகாதுலா,” என்று சிரித்தார். அன்று அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

ஆனால் நான் விடவில்லை. மரநிழலில் உட்கார்ந்து மேலும் படித்தேன். அப்போதுதான் இரண்டாவது கத்தி கிடைத்தது.

நட்சத்திரம் எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து கடக்கும் பொருளின் பருமனை மட்டும்தான் சொல்லமுடியும். இது நம் வியாழன் அளவு இருந்தது. ஆனால் வியாழன் பருமனில் இருக்கும் எல்லாம் வியாழன் எடையில் இருக்காது. எடை ஏற ஏற அது உப்புவதில்லை, தன்னைத்தானே நெருக்கிக்கொள்கிறது. பத்து மடங்கு எடை இருந்தாலும் வெளியே கிட்டத்தட்ட அதே பருமன்தான். அதையும் தாண்டி ஏறினால் அது கோளே இல்லை. ஏறக்குறைய பதின்மூன்று வியாழன் எடையில் கோடு கிழித்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருப்பதைக் கோள் கணக்கில் சேர்ப்பதில்லை. நட்சத்திரமாகவும் எரியத் தெரியாத ஒரு ரெண்டுங்கெட்டான் அது.

எடை நிறுத்துப் பார்க்க வழி உண்டு. கோள் நட்சத்திரத்தைச் சுற்றும்போது நட்சத்திரமும் சும்மா நிற்பதில்லை, அந்த எடைக்கு ஏற்றபடி அதுவும் கொஞ்சம் ஆடும். நம் பக்கம் வரும்போது அதன் ஒளி இம்மியளவு நீலத்துக்கும், விலகும்போது சிவப்புக்கும் நகரும். அந்த ஆட்டத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும். ஆனால் அதற்கு மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகள் வேண்டும். பக்கத்து நட்சத்திரத்தின் சந்தேகம் தீராமல் அவற்றின் நேரத்தை இதற்குக் கொடுக்கமாட்டார்கள்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் அளவு என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் மறைத்துவைத்தால் அவன் கோள் நிறுக்கப்படாமலே கிடக்கும், அவனும் நாயகனாகவே சுற்றுவான். அனுப்பினால் நிறுப்பார்கள். நிறுத்தால் கோட்டைத் தாண்டலாம். தாண்டினால் பதாகை பொய்யாகும்.

என் பெயரில் கணக்குத் திறந்து, அனுப்பினேன். தொலைநோக்கி யாருடையது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அறிவியலுக்காகத்தானே என்று பின்னால் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பல மாதங்கள் ஆயின. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த கொழுந்தன் விருந்தாளிகளிடம் மறுபடி அதே கதையைச் சொன்னான். கொசு, தூக்கம், ஒத்தையாள். நான் முறுக்குத் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

“தம்பி, உன் கோளு என்ன எடை இருக்கும்?”

“பயங்கரமா இருக்கும் அண்ணி! சும்மா இல்ல.”

“இருக்கட்டும்பா. இன்னும் ஏறட்டும். நல்லா சாப்பிடு.”

ஓரகத்தி சமையலறைக்கு ஓடிப் போய்ச் சிரித்தாள்.

பதில் வந்த அன்று வேன் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தது. கோளை எடை நிறுத்துவிட்டார்கள். நட்சத்திரம் ஆடியதைப் புள்ளிகளாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வியாழனைப்போலப் பல மடங்கு எடை. பாதையும் வட்டமாக இல்லை, நீண்டு இழுத்திருந்தது. நட்சத்திரத்துக்கு அருகே பாய்ந்து வந்து, சுழற்றி அடித்து, விலகிப் போகிற பாதை. எடை கோட்டுக்கு நன்றாகக் கீழேதான். கனத்த கோள், ஆனால் கோள்.

வானம் என்னை இரண்டாவது முறையும் கைவிட்டது. ஸ்டீரிங்கில் ஒரு குத்து விட்டேன். பிறகு படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சூரியன், நாலாவது மாடிக்குச் சமையல் காஸ் தோம்பு தூக்குகிற ஆள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்திருந்தது. கோபத்தோடுதான் பார்த்தேன். ஆனால் மணி அடித்துப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும்வரை கண்ணை எடுக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. என் அளவைச் சேர்த்துக்கொண்டார்களாம். அதற்கு முன் செமோரிலிருந்து வந்த முதல் அளவில் பக்கத்து நட்சத்திரம் கலந்திருப்பதால் அதை ஒதுக்கிவைத்துவிட்டார்களாம். அந்தக் கடிதம் அவனுக்கும் போயிருந்தது.

சாயங்காலமே வந்துவிட்டான். கையில் ஒரு பை மங்குஸ்தீன்.

“அண்ணி, தேத்தண்ணி குடிச்சீங்களா? அண்ணன் இல்லையா?”

“உள்ள இருக்காரு. உக்காரு தம்பி. முகம் ஏன் ஏர்கோன் ஒழுகுற மாதிரி இருக்கு?”

அவன் சிரிக்கவில்லை. “தலைவருக்கு எடை தெரிஞ்சத சொல்லிட்டேன். இன்னும் பெருசா ஒரு நிகழ்ச்சி வைக்கிறாராம். வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வாராங்க.” பையை மேசையில் வைத்தான். “என் அளவ ஒதுக்கிட்டாங்க அண்ணி. அந்த வடை விஷயம்… மண்டபத்துல சொல்லிராதீங்க. தோட்டத்து ஆளுங்க முன்னால தலையே தூக்க முடியாது.”

இத்தனை மாதம் நான் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். வானத்தில் கிடைக்காதது என் வீட்டு மேசைக்கு, மங்குஸ்தீனோடு வந்திருந்தது.

“சொல்லமாட்டேன்,” என்றேன்.

“உண்மையாலுமா?”

“உண்மையாலும். ஆனா பேச்சு நான் பேசுறேன். தட்ட நீ பிடிக்கணும்.”

“தட்டா? அவ்வளவுதானா?” அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. “டேய், யோசிச்சு ஒத்துக்கடா! உங்க அண்ணி கையில மைக் குடுத்து நீ பார்த்ததில்ல.”

அவன் யோசிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டான்.

அதே மண்டபம். பதாகையில் இந்த முறை வளையம் இல்லை. நானே கடைக்குப் போய் எடுக்கவைத்தேன். தட்டை அலங்கரிக்கும் பொறுப்பு ஓரகத்திக்கு. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பொன்னாடை, மாலை, ஆரஞ்சு, மூன்று தேங்காய், நடுவில் ஒரு பெரிய அன்னாசிப்பழம், அதைச் சாய்த்துவைக்க ஒரு தர்ப்பூசணி.

“மங்களகரமா இருக்கட்டும்னு வச்சேன் அக்கா,” என்றாள் முகம் மாறாமல்.

ஆண்பிள்ளை தட்டைப் பிடிப்பதைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “என்னப்பா, இன்னிக்கு நீ பொண்ணு வீடா?” என்று யாரோ கத்தினார்கள். கொழுந்தன் பல்லைக் காட்டினான். தலைவர் என்னிடம் மைக்கைக் கொடுத்து, “அக்கா, சுருக்கமா,” என்றார்.

“சுருக்கமாத்தான் தலைவரே,” என்று ஆரம்பித்தேன்.

தோட்டத்திலிருந்து தொடங்கினேன். திடலில் படுத்துக்கொண்டு அவர்கள் சின்ன வயதில் பார்த்த வானம், லயம் காலியானது, லோரி, ஏர்கோன், என் வேன், வேனில் வாந்தியெடுத்த பிள்ளைகள் வரை சொன்னேன். கூட்டம் சிரித்தது. நான் யாரையும் விடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன், அவன் தட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தான்.

பிறகு மெதுவாக வடைக்கு வந்தேன்.

“நட்சத்திரத்த அப்படியே பிடிக்கக்கூடாதுங்க. கொஞ்சம் உப்ப வைக்கணும். உளுந்து வடை மாதிரி இருக்கும்.” சிரிப்பு. “ஆனா வடை பெருசாப் போச்சுன்னா ஒரு ஆபத்து இருக்கு.” நிறுத்தினேன். தேங்காயும் தேங்காயும் மோதும் சத்தம் கேட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நிதானமாகக் குடித்தேன். அவன் கண் என்மேலேயே இருந்தது. “பக்கத்து நட்சத்திரம் உள்ள மாட்டிக்கும். அதனால ஒரு நாள் நாங்க என்ன பண்ணோம்னா…”

அவன் கழுத்தில் வேர்வை இறங்கியது.

“…சின்ன வடையா சுட்டோம்.”

மண்டபம் சிரித்தது. அவன் மூச்சை விட்டான். என் வாக்கு என் வாக்குத்தான். ஆனால் அந்த மூச்சு அடங்குவதற்குள் நான் மறுபடி வடைக்குத் திரும்பினேன். ஒருமுறை அல்ல. ஒவ்வொரு முறையும் தேங்காய் சத்தம் போட்டது.

தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எடைக்கு வந்தேன்.

“இவ்வளவு தூரத்துல இருக்கிற கோள எந்தத் தராசுல நிறுப்பாங்கன்னு கேக்குறீங்களா? தராசே வேணாங்க. கோள பார்க்கவும் வேணாம். அத பிடிச்சுக்கிட்டு இருக்கிறவர் எப்படி ஆடுறாருன்னு பார்த்தா போதும். ஆட்டம் பெருசா இருந்தா சுமை கனம்.”

நான் எதையும் கைகாட்டவில்லை. கூட்டம்தான் திரும்பியது, எல்லாரும் ஒரே நேரத்தில். தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அன்னாசியின் கொண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. முதலில் முன்வரிசை சிரித்தது, அப்புறம் மண்டபமே. பின்னாலிருந்து ஒருவர், “கனம்தாங்க, தெரியுது!” என்றார். கொழுந்தனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதனால் தட்டு இன்னும் ஆடியது.

எனக்கு இனித்தது. மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதினால் அது நானாக இருக்காது.

தலைவர் பொன்னாடையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் விலகிக்கொண்டேன்.

“எனக்கு வேணாம் தலைவரே. ரெண்டு தடவையும் மாடியில கொசுச்சுருள் பத்த வச்சு, கடைசி வர கூட நின்னவ ஒருத்தி கீழ இருக்கா. அவளுக்குப் போடுங்க.”

ஓரகத்தி எழுந்து வந்தாள். வெட்கம் ஒரு பக்கம், நிமிர்ந்த நடை ஒரு பக்கம். தலைவர் போர்த்தினார். மாலை இன்னும் தட்டில் இருந்தது. கொழுந்தன் நடுங்கும் கையோடு தட்டைத் தன் மனைவி முன்னால் நீட்டினான். அவள் மாலையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“தேங்ஸ்,” என்றாள், தட்டைப் பார்த்து.

அவன் தட்டை இறக்கப் போனான். நான் மைக்கை இன்னும் விடவில்லை.

“ஒரு நிமிஷம் தம்பி,” என்றேன். “அந்தக் கோளோட பாதைய பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லையே.”